ஒரு தடவைதான் கேட்பார்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அத்தையும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன் என அடுத்த வரியை எழுத வேண்டும். எழுதவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன் கழுத்தெலும்பைப் பார்த்தேன். சாப்பிட்டியா என்று கேட்டேன், கேட்டு முடிப்பதற்குள் சாப்பிட்டேன்மா என்றாய். அப்பா கேட்டார், அவருக்கும் அதே பதில். அத்தை கேட்கவில்லை. மூன்றாவது ஆளாக அவளும் கேட்டிருந்தால் ஒருவேளை உண்மை வந்திருக்கும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும். இதைப் போனில் பேச முடியாது. நீ குறுக்கே பேசுவாய், இல்லையென்றால் அழுவாய், நான் சமாதானம் சொல்லப் போய் சொல்ல வந்தது நின்றுவிடும். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். அப்பா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவார். அனுப்புவதற்கு முன் அவரும் படிப்பார், படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்திகளை முடித்துவிடுகிறேன். அப்பா பள்ளிக்கூட வேனுக்குப் புது சீட் உறை போட்டார். போட்ட அன்றே ஒரு வாண்டு அதில் வாந்தி எடுத்துவிட்டது. ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை, வாந்தி எடுத்தது நாங்கள் என்பது போல. அத்தைக்கு மூட்டு வலி. டாக்டரிடம் போகலாம் என்றால் அந்த டாக்டருக்கே மூட்டு வலி, அவர் என்னத்தைப் பார்க்கப் போகிறார் என்கிறாள். தண்ணீர் மோட்டார் எரிந்து போய் சுருள் மாற்றியிருக்கிறோம். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தை ஒரு ஒப்பந்தக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார்கள். அதே ஆட்கள், அதே மெஷின், அதே ரத்தக்கறை படிந்த படுக்கை விரிப்பு. எங்கள் சட்டையில் மட்டும் கம்பெனி பெயர் ஏறியிருக்கிறது. புது மேனேஜர் எல்லோரையும் அக்கா அக்கா என்று கூப்பிடுகிறான். அவனைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், அவனும் இந்த விஷயத்தில் வருகிறான்.

இப்போது உன் விஷயம். போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு நீ சொன்னதை நான் ஒன்று விடாமல் நினைவில் வைத்திருக்கிறேன். படிக்கப் போன வெளிநாட்டில் நீ தங்கியிருக்கும் வீட்டில் ஐந்து அறை, ஒரே சமையலறை, நீளமாக ஒரு மேசை. உன்னைத் தவிர நாலு பேரும் அந்த ஊர்ப் பிள்ளைகள். நீ வைத்த பெயர்கள்தான் எனக்குத் தெரியும், நெட்டை, சைக்கிள்காரன், ஒரே மாதிரி உடுத்தும் இரட்டையர். முதல் வாரம் சாப்பிடக் கூப்பிட்டார்கள், இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்றாய். "நான் உள்ள போனா இன்னொரு நாற்காலி வந்த மாதிரி இருக்காங்கம்மா" என்றாய். காய்ச்சலில் கிடந்தபோது நெட்டை கதவைத் தட்டி ஏதாவது வேண்டுமா என்று கேட்டாளாம், நீ வேண்டாம் என்றாயாம், ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுப் போய்விட்டாளாம். இதைச் சொல்லும்போதுதான் நீ போனைக் கூரைப் பக்கம் திருப்பினாய். இந்த அறையைக் காலி செய்கிறேன், பக்கத்து நகரத்தில் நம் ஆட்கள் சேர்ந்து எடுத்திருக்கும் வீட்டுக்குப் போகிறேன், பதினைந்து நாள் கழித்து வரும் திங்கட்கிழமைக்குள் வீட்டுக்காரருக்குச் சொல்லியாக வேண்டும் என்றாய். அப்பா உடனே போகச் சொன்னார். "நம்ம ஆளுங்களோட இருந்தா புள்ள வயிறாரச் சாப்பிடும்" என்றார். அத்தை, "நிறத்தைப் பாத்து ஒதுக்குறானுங்க, எனக்குத் தெரியாதா" என்றாள். நானும் அவர்களோடு சேர்ந்து கொதித்தேன். மறுநாள் பூராவும் இஸ்திரி உருளையில் விரிப்பைக் கொடுத்துக்கொண்டே நெட்டையைத் திட்டினேன். அவளை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவள் மூக்கு எப்படி இருக்கும் என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

அந்த வியாழக்கிழமை ஒன்று நடந்தது. நீ படித்த மாடி அறையில் இப்போது ஒரு பெண் இருக்கிறாள் என்று சொன்னேனே, நர்சிங் படிக்கிற பெண். வேறு மொழிக்காரி, நம் மொழியைத் தட்டித் தடவிப் பேசுகிறாள், ஆனால் நிறுத்துவதில்லை. நம் வீட்டுக்கு வருவதற்கு முன் இந்தத் தெருவில் நாலு வீடு ஏறி இறங்கியிருக்கிறாள். வெளியூர்க்காரி, என்னத்தைச் சமைப்பாளோ, யாரைக் கூட்டி வருவாளோ என்று நாலு வீட்டிலும் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். நாலாவது வீட்டுக்காரி இப்போது உன்னை அங்கே மதிக்கவில்லை என்று கேள்விப்பட்டு என்னிடம் வந்து உச்சுக் கொட்டுகிறாள். உனக்கு அங்கே அறை கிடைத்தால் அது உன் உரிமை, அவளுக்கு இங்கே கிடைத்தால் அது நாம் போட்ட பிச்சை. நம் தெருவின் நியாயம் இவ்வளவுதான், இதை எழுதி வைக்கிறேன், மறந்துவிடாதே.

அன்று காலை ஷிப்ட் முடிந்து வந்து, மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அந்தப் பெண் துணிக் கிளிப்பு கேட்க இறங்கி வந்தாள். வழக்கம் போல, வாய் பழக்கத்தில், சாப்பிடுறியாம்மா என்று கேட்டேன். "சாப்பிடுறேன் ஆன்ட்டி" என்றாள். குழாயில் கையைக் கழுவினாள், நான்காவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எங்கள் மூன்று பேர் கையும் நின்றுவிட்டது. அப்பா சோற்றுப் பானையைப் பார்த்தார். அத்தை மேசைக்கு அடியில் என் தொடையில் கிள்ளினாள். அந்தப் பெண் நன்றாகச் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் இருக்கா என்று அவளே கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள், கிளிப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். படியில் காலடிச் சத்தம் அடங்கும் வரை காத்திருந்து அத்தை ஆரம்பித்தாள். "கேட்டா உக்காந்துடுறதா? ஒரு பேச்சுக்குக் கேட்டோம். வளர்ப்பு அப்படி" என்றாள். கொடுக்கிற எண்ணம் இல்லையென்றால் நாம் எதற்குக் கேட்டோம் என்றேன். "கேக்கிறது நம்ம மரியாதை, வேணாங்கிறது அவ மரியாதை. இதுகூடத் தெரியாம நீ எப்படித்தான் குடும்பம் நடத்துறியோ" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் உன் ஞாபகம் வந்து நின்றுபோனது.

சாயங்காலம் அவள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஏறிப் போய், கேட்டதும் உட்கார்ந்துவிட்டாயே, உங்கள் ஊர் வழக்கமா என்று கேட்டேன். குற்றம் சொல்லக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன், அவளுக்கும் அது புரிந்தது. "பசிச்சுது ஆன்ட்டி. நீங்க கேட்டீங்க. சும்மாவா கேட்டீங்க?" என்றாள். அவளே மேலே சொன்னாள். இங்கே வந்த புதிதில் கூடப் படிக்கும் பெண் வீட்டுக்குப் போயிருக்கிறாள். வயிறு நிறைந்துவிட்டது, போதும் என்றிருக்கிறாள். வெட்கப்படுகிறாள் என்று இன்னொரு கரண்டி போட்டிருக்கிறார்கள். ஐயோ போதும் என்றால் மேலும் ஒரு கரண்டி. பஸ் ஸ்டாப்பில் வந்து வாந்தி எடுத்தாளாம். "வேணாம்னா வேணும்னு எடுத்துக்கிறீங்க, வேணும்னா வெக்கமில்லாதவன்னு பாக்குறீங்க. நான் எதைத்தான் சொல்றது, நீங்களே ஒண்ணு சொல்லிக் குடுத்துடுங்க ஆன்ட்டி" என்று சிரித்துக்கொண்டே துணியை மடித்தாள். அத்தை கிள்ளியதையும் அவள் பார்த்திருக்கிறாள். "அந்தப் பெரிய ஆன்ட்டி உங்களைக் கிள்ளினாங்களே, வலிச்சுதா?" என்று கேட்டாள்.

அதனால்தான் போன ஞாயிறு உன்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். முதல் வாரம் அவர்கள் சாப்பிடக் கூப்பிட்டபோது நீ என்ன சொன்னாய் என்று. "வேண்டாம்னுதான் சொன்னேன், அப்படித்தானேம்மா சொல்லணும்" என்றாய். பிறகு என்றேன். "பிறகு அவங்க சாப்பிட ஆரம்பிச்சுட்டாங்க" என்றாய். நீ என்ன செய்தாய் என்றேன். அதே மேசையில் தண்ணீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தேன் என்றாய். நீ எதற்கு உட்கார்ந்திருந்தாய் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். இரண்டாவது தடவை கேட்பார்கள் என்று உட்கார்ந்திருந்தாய். மறுநாளும் கேட்டார்கள், மறுநாளும் வேண்டாம் என்றாய், மறுநாளும் உட்கார்ந்திருந்தாய். இப்போது நீ எழுந்து அந்த மேசைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பார். புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் வேண்டாம் என்கிறாள். எழுந்தும் போக மாட்டேன் என்கிறாள். எதிரே உட்கார்ந்து நாம் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாம் சமைத்ததைத் தொட மாட்டாளோ, நம்மைக் கேவலமாக நினைக்கிறாளோ என்று தோன்றாதா? இப்படி ஒருத்தியை எத்தனை நாள் கூப்பிடுவாய்? நானாக இருந்தால் ரெண்டாம் நாளே விட்டிருப்பேன். அவர்கள் ஒரு வாரம் கூப்பிட்டிருக்கிறார்கள்.

காய்ச்சலும் அப்படித்தான். ஏதாவது வேண்டுமா என்று நெட்டை கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்று நீ சொன்னாய். அவள் போய்விட்டாள். இதை நீ கல்நெஞ்சு என்கிறாய். நான் ஒரு வாரமாக யோசித்துப் பார்த்துவிட்டேன், எனக்கு அப்படித் தெரியவில்லை. அவள் உன்னை நம்பியிருக்கிறாள். நீ சொன்ன சொல்லைச் சொல்லாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். நம் தெருவில் உன் சொல்லை யாராவது அப்படி எடுத்துக்கொண்டதுண்டா?

இந்த வேண்டாம் நமக்கு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், உன் புத்தகத்தில் இது இருக்காது. நான் பிறந்த, சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடுகளில் ஆளுக்கு அளந்துதான் சோறு. சாப்பாட்டு நேரத்தில் யாராவது வந்துவிட்டால், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். வந்தவரும் அதே சத்தத்தில் இப்போதுதான் சாப்பிட்டேன் என்பார். ரெண்டும் பொய், ரெண்டு பேருக்கும் தெரியும். ரெண்டாவது மூன்றாவது தடவை கேட்டால்தான் பானையில் உண்மையாகவே இருக்கிறது என்று அர்த்தம். அதில் ஒரு ஒழுங்கு இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் உன் பெரியப்பா வீட்டில் பானையில் எப்போதும் இருந்தது. அங்கேயும் நாம் வேண்டாம் என்றோம். பெரியம்மா சோபாவை விட்டு எழுந்திருக்காமல் ஒரு தடவை கேட்பாள். ஆமாம் என்றால், வந்ததும் வராததுமாகச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள் என்று ஒரு வருஷம் பேசுவாள். அதற்காகத்தான் அந்த வீட்டு வாசற்படி ஏறும்போதே அத்தை உன் தொடையில் கிள்ளி வைப்பாள். உனக்குப் பசிக்கும், கண் தட்டிலேயே இருக்கும், வாய் மட்டும் வேண்டாம் என்று சொல்லும். நல்ல வளர்ப்பு என்று பெரியம்மா உன்னை மெச்சுவாள். இருக்கிறவர்களுக்கு இல்லாதவர்கள் பசியைக் காட்டினால் பிடிக்காது, அதற்கு நாகரிகம் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள், நாமும் தலையாட்டினோம். கிள்ளியவள் மேல் தப்பில்லை. ஆனால் அந்தக் கிள்ளு உன்னோடு விமானம் ஏறி அந்தச் சமையலறை வரைக்கும் வந்திருக்கிறது. கிள்ள அங்கே ஆளில்லை, நீயே உன்னைக் கிள்ளிக்கொள்கிறாய்.

மேனேஜரைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. வந்த புதிதில் அவன் எங்களையெல்லாம் மடிக்கிற மேசையருகே கூட்டினான். நாள் பூரா நின்றுகொண்டே மடிக்கிறீர்களே, உட்கார ஸ்டூல் போடட்டுமா அக்கா என்று கேட்டான். எல்லோரும் ஒரே குரலில், பரவாயில்லை சார், பழகிடுச்சு சார் என்றோம். எனக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நிற்கிறது, என் பக்கத்தில் நிற்பவள் மத்தியானத்துக்கு மேல் ஒற்றைக் காலில் நிற்கிறாள், அவளும் பரவாயில்லை சார். அவன் ரொம்ப நன்றி அக்கா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். உன்னோடு பேசிய மறுநாள், திங்கட்கிழமை, அவன் அறைக்குப் போனேன். ஸ்டூல் வேண்டும் என்றேன். "அன்னைக்குக் கேட்டப்ப யாருமே வேணாம்னீங்களே அக்கா" என்றான். அன்னைக்குப் பொய் சொன்னோம், இன்னைக்கு வேண்டும் என்றேன். முகம் மாறிவிட்டது. பார்க்கலாம் என்றான். இன்று வரைக்கும் வரவில்லை. எங்கள் ஆட்கள், "மகாராணிக்கு சிம்மாசனம் எப்ப வருதாம்" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். ஆனால் நேற்று ஒற்றைக் காலில் நிற்கிறவளும் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். நாளைக்கு இன்னும் ரெண்டு பேர் போவார்கள். ஸ்டூல் வருமோ வராதோ தெரியாது. ஆனால் அவன் எந்த ரகம் என்று தெரிந்துவிட்டது. நாம் வேண்டாம் என்று சொல்வோம் என்று தெரிந்தே கேட்கிற ரகம்.

உலகத்தில் ரெண்டு ரகமும் ஒரு தடவைதான் கேட்கிறது பாப்பா. கொடுக்க நினைக்கிறவனும் ஒரு தடவை கேட்கிறான், கொடுக்காமல் தப்பிக்க நினைக்கிறவனும் ஒரு தடவை கேட்கிறான். குரலைக் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது, ரெண்டு பேர் குரலும் இனிப்பாகத்தான் இருக்கும். வேண்டும் என்று சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். நெட்டையும் சைக்கிள்காரனும் நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுக்குப் பானை காலியாகி நின்ற நாள் இருந்திருக்காது, அப்படிப்பட்டவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. அத்தை சொன்னதே கூட உண்மையாக இருக்கலாம். ஆனால் நீ இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. தண்ணீரைச் சோதிக்கும் படிப்புக்குத்தானே போயிருக்கிறாய், கலங்கலாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்து மட்டும் எழுதிக் கொடுத்தால் உன் வாத்தியார் ஒப்புக்கொள்வாரா?

பக்கத்து நகரத்து வீட்டுக்குப் போனால் சாப்பாடு கிடைக்கும், அதில் சந்தேகமில்லை, மூன்று தடவை கேட்டுப் போடுவார்கள். ஆனால் விடியற்காலை சுத்திகரிப்பு நிலையத்தில் செய்முறை வகுப்பு இருக்கிறதே, அந்த நேரத்துக்கு அங்கிருந்து ரயில் இல்லை என்று நீயே சொன்னாய். அந்த வீட்டுக்கு மாறிய பையன் ஒருத்தன் படிப்பை விட்டுவிட்டுக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறான் என்று சொன்னதும் நீதான். பெட்டி அடுக்குவது ஒன்றும் கேவலமில்லை, நான் விரிப்பு அடுக்குகிறேன். ஆனால் அவன் அதற்காக அங்கே போகவில்லை.

அதனால் திங்கட்கிழமை வரைக்கும் வீட்டுக்காரரிடம் எதுவும் சொல்லாதே. அதற்குள் ஒரு நாள், அவர்கள் சாப்பிட உட்காரும்போது நீயும் போ. இனிமேல் அவர்கள் கேட்க மாட்டார்கள், அந்தத் தவணை முடிந்துவிட்டது. எனவே நீ கேள். எனக்கும் இருக்கிறதா என்று. அவர்கள் மொழியில் அதற்கு ரெண்டு மூன்று வார்த்தைதான் ஆகும், பரீட்சையில் இதைவிடப் பெரிதெல்லாம் எழுதியிருக்கிறாய். கேட்கும்போது தொடையில் கிள்ளின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். முகத்தைத் திருப்பினார்கள் என்றால் என்னிடம் சொல், அன்றே பெட்டியைக் கட்டு, அப்பா சொன்னதுதான் சரி என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். இருக்கிறது என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார். இன்னொரு நாள் நீ சமைத்து மேசையில் வை. ஒரு தடவை மட்டும் கூப்பிடு. வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான், பின்னாலேயே கரண்டியோடு ஓடாதே, அறைக்குள் போய் அழவும் வேண்டாம்.

அத்தை இதையெல்லாம் ஒப்புக்கொள்ளவில்லை. மாடிப் பெண்ணைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்னும் முகத்தைச் சுளிக்கிறாள். ஆனால் நேற்று உலை வைக்கும்போது அவள்தான் அரிசியை அளந்தாள், ஒரு கை கூடுதலாகப் போட்டாள். நான் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். காதை மூடிக்கொண்டு வெளியே போ, காய்ச்சல் திரும்ப வரும். நாங்கள் மூன்று பேரும் எப்போதும் உன் பக்கம்தான், எடுத்த காரியம் கைகூடி நீ நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்குக் கூப்பிடுவேன். அப்பாவையும் அத்தையையும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். சாப்பிட்டியா என்று நான் மட்டும்தான் கேட்பேன். நீ என்ன சொல்கிறாயோ அதை அப்படியே நம்பிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். யோசித்துப் பதில் சொல். நானும் ஒரு தடவைதான் கேட்பேன்.

இப்படிக்கு,
அம்மா